பொழுது சாய ஏறும் நீர்

உத்திரமேரூர்
6-1-1985

அன்புத் தங்கை ஏலவார்குழலிக்கு,

அண்ணன் சுகுமார் எழுதுவது. நான் சுகம். மார்கழிப் பனியில் தொண்டை கட்டிக்கொண்டிருக்கிறது, மிளகுக் கஷாயத்தில் ஓடுகிறது. அம்மாவுக்கு எழுதும்போது இதைச் சொல்லிவிடாதே, காஞ்சிபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்து நிற்பாள். பெங்களூர்க் குளிர் உனக்கு எப்படி? ஹாஸ்டலில் வெந்நீர் கிடைக்கிறதா?

நம் கம்பெனியின் ஏரி மட்டக் கருவிக்குப் புரோகிராம் எழுதினாயே தவிர, அது நிற்கிற இடத்தை நீ பார்த்ததில்லை. திருப்புலிவனம் தாண்டிப் போனால் ஒரு சித்தேரி. மதகை ஒட்டித் தண்ணீருக்குள்ளேயே செங்கல்லால் சதுரமாக ஒரு தொட்டி கட்டி, மேலே கூரையும் தகரக் கதவும் போட்டிருக்கிறோம். அடியில் ஒரு சின்னக் குழாய். அதன் வழியாக ஏரித் தண்ணீர் உள்ளே வரும். வெளியே அலை அடித்தாலும் உள்ளே மட்டம் ஆடாது. அதில் ஒரு மிதவை, மிதவையிலிருந்து கம்பி, கம்பிக்கு மேலே என் பெட்டி. பெட்டி கண்டதை வயர்லெஸ் மூலம் உத்திரமேரூர் ஏரி ஆபீசுக்கு அனுப்புகிறது. அங்கே என் மேஜைக்குப் பக்கத்தில் உன் புரோகிராம் அதை வாங்கித் தாளில் அச்சடிக்கிறது. பெட்டி சொன்னது சொன்னபடியே ஒரு கேசட்டிலும் பதிகிறேன். புரோகிராம் எழுதுகிற உங்கள் கட்டடத்து ஆட்கள் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை என்று நினைக்காதே. நினைத்தாலும் தப்பில்லை.

இந்தப் பெட்டியை நாங்கள் அடுப்பில் வேகவைத்தோம். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தோம். லாரியில் கட்டி ஓசூர் வரை குலுக்கினோம். நீங்களோ சாயந்திர டீ வருவதற்குள் பத்து வரியை மாற்றிவிட்டுப் 'புது வெர்ஷன்' என்கிறீர்கள்.

அதனால்தான் கேட்கிறேன். தினமும் பொழுது சாயும் நேரத்தில் தாளில் மட்டம் இரண்டு விரல்கடை ஏறுகிறது. கொஞ்சம் பொறுத்து இறங்கிவிடுகிறது. மழை இல்லை, மதகையும் யாரும் தொடவில்லை. இங்கே செக்‌ஷன் ஆபீசர் பஞ்சாட்சரம், "இன்னா சார், ஆறு மணியானா உங்க மெஷினு தண்ணி போடுதா?" என்று எல்லார் எதிரிலும் சிரிக்கிறார். உன் புரோகிராமை ஒருமுறை பார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்
சுகுமார்

●

பெங்களூர்
17-1-1985

அன்புள்ள அண்ணாவுக்கு,

குழலியின் வணக்கம். பொங்கலுக்கு ஊருக்கு வர முடியவில்லை. ஹாஸ்டலில் குக்கரில் வைத்தோம், பொங்கியதா இல்லையா என்று யாருக்கும் தெரியாமல் விசில் மட்டும் அடித்தது. தொண்டை தேவலையா?

புரோகிராமை வரிவரியாகப் பார்த்தேன். நீங்கள் அனுப்பிய எண்களையே திரும்பக் கொடுத்தும் ஓட்டினேன். அதற்கு மாலையும் தெரியாது, காலையும் தெரியாது. உங்கள் பெட்டி கொடுப்பதை வாங்கி அச்சடிக்கிறது, அவ்வளவுதான். ஏறியது என்று அச்சடித்தால் ஏறியிருக்கிறது.

டீ வருவதற்குள் மாற்றுகிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பெட்டியில் ஒரு ரெசிஸ்டரை மாற்ற டிராயிங், ஸ்டோர்ஸ், கையெழுத்து என்று ஒரு மாதம் பிடிக்கும். அது மேனேஜர் முனிரத்தினம் சாருக்குத் தெரியும், அதனால் உங்களிடம் கேட்கவே மாட்டார். நேராக என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, "ஒரு வரிதானேம்மா" என்பார். உங்கள் கட்டடத்துத் தப்பெல்லாம் கடைசியில் எங்கள் கட்டடத்துக்கு வந்து ஒரு வரியாகிவிடுகிறது. அந்த ஒரு வரியை யாரும் அடுப்பில் வைத்துப் பார்ப்பதில்லை. உங்கள் பெட்டிக்குக் கொடுத்த மூன்று மாதச் சோதனையை எனக்கும் கொடுங்கள், அப்புறம் சிரியுங்கள்.

பொழுது சாயும்போது நீங்களே ஒருநாள் தொட்டிக்குப் போய்ப் பாருங்களேன்.

சாப்பாட்டை வேளைக்குச் சாப்பிடவும்.

அன்புத் தங்கை
குழலி

●

உத்திரமேரூர்
27-1-1985

அன்பு குழலிக்கு,

நலம். தொண்டை சரியாகிவிட்டது. நீயும் அவ்வண்ணமே இருப்பாய் என்று நம்புகிறேன்.

முதலில் பெட்டியைக் கழற்றி, ஆபீஸ் மேஜையில் வைத்து, ஒரு பக்கெட் தண்ணீரில் மிதவையை விட்டு முழுதாக ஒருநாள் பார்த்தேன். மாலையில் ஓர் இழை கூட ஏறவில்லை. மறுநாள் தொட்டியில் பொருத்தினேன். அன்று மாலையே இரண்டு விரல்கடை.

பிறகு நீ சொன்னபடி பொழுது சாயத் தொட்டிக்குப் போனேன். மதகு திறக்கிற சேட்டு என்பவர், காலனிக்காரர், என்னைவிட மூத்தவர், கரையிலேயே என் சைக்கிளைப் பிடித்துக்கொண்டார்.

"பொயுது சாஞ்சப்புறம் அங்க இன்னாத்துக்கு சார் போறீங்க?"

"தண்ணி ஏறுதான்னு பாக்கணும்."

"ஏறும் சார். தானா ஏறும், தானா எறங்கும். நான் பாத்துக்கினுதான கீறேன். பட்டணத்துப் புள்ள நீங்க, வாணாம்."

கேட்காமல் போனேன். கரைமேல் நின்றேன். ஆள் நடமாட்டம் இல்லை. கோரைப்புல் அசையவில்லை. தகரக் கதவு மூடியிருந்தது, நான் போட்ட பூட்டு பூட்டியபடியே தொங்கியது. திரும்பலாம் என்று நினைத்தபோது உள்ளே தண்ணீர் ஒருமுறை புரண்டது. மீன் துள்ளுகிற சத்தமில்லை. கனமான ஏதோ மெதுவாக இறங்குகிற சத்தம். "யாரது?" என்றேன். சத்தம் நின்றுவிட்டது. அப்புறம் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு மூச்சு, அடக்கி வைத்து விடுகிற மாதிரி நீளமாக.

சாவி என் பையில்தான் இருந்தது குழலி. எடுக்கவில்லை. சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்துவிட்டேன். ஆபீசில் தாளைப் பார்த்தேன், ஏறி இறங்கியிருந்தது.

இதை அம்மாவுக்கு எழுதாதே. இந்த மாதத் தாள்களை இதனுடன் அனுப்புகிறேன்.

அண்ணன்
சுகுமார்

●

பெங்களூர்
4-2-1985

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாம் முறை விளக்கைப் போட்டுக்கொண்டு படித்தேன்.

தாள்களை வைத்துக் கணக்குப் போட்டேன். தொட்டியின் நீள அகலம் டிராயிங்கில் இருக்கிறது. அடிக்குழாய் சின்னது, உள்ளே ஏதாவது திடீரென்று இறங்கினால் தண்ணீர் உடனே வெளியே போக முடியாமல் மட்டம் ஏறும். அது வெளியே வந்ததும் மட்டம் தாழ்ந்து, பிறகு சமமாகும். நீங்கள் சொல்கிற இரண்டு விரல்கடைக்கு எவ்வளவு கனம் இறங்க வேண்டும் என்று பார்த்தேன். ஐம்பது கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு.

அது ஒரு ஆள் அண்ணா. தினமும் பொழுது சாயும்போது பூட்டிய தொட்டிக்குள் ஒரு ஆள் இறங்கி, ஏறி வருகிறது. தை அமாவாசையன்று மட்டும் வரவில்லை.

விளக்கைப் போட்டுக்கொண்டுதான் இதையும் எழுதுகிறேன். தனியாகப் போகாதீர்கள். போனதும் எழுதவும்.

குழலி

●

உத்திரமேரூர்
17-2-1985

அன்பு குழலிக்கு,

நான் சுகமே. நீ பயந்திருப்பாய் என்று இன்றே எழுதுகிறேன். பேயும் இல்லை, பிசாசும் இல்லை. அவள் பெயர் செங்கேணி.

இந்த முறை பொழுதோடு போய்க் கோரைப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். நடவு முடிந்து திரும்புகிற பெண்களில் ஒருத்தி மட்டும் பிரிந்து வந்தாள். தொட்டியின் ஏரிப் பக்கச் சுவரில், கூரைக்குக் கீழே, காற்றுக்காக விட்ட திறப்பு இருக்கிறது. அதன் வழியாக உள்ளே போனாள். நான் முன்பக்கப் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். குளித்துவிட்டு ஈரத் தலையோடு வெளியே வந்தவள் என்னைப் பார்த்துக் கல்லாக நின்றாள். சேட்டு எங்கிருந்தோ ஓடி வந்தார். அவர் அண்ணன் மகளாம்.

"நான்தான் சார் போவச் சொன்னேன். ஆளுங்க வராம இருக்கணும்னு தண்ணி தானா ஏறுதுன்னு கதை கட்டி வுட்டேன். அடிக்கிறதுன்னா என்னிய அடிங்க."

அவள் தலை நிமிராமல் சொன்னாள்: "ஒடம்பு பூரா சேறு சார். இதோட வூட்டுக்குப் போயி கைப்புள்ளைக்கு எப்டிப் பாலு குடுக்கறது? எங்க கெணறு வத்திக் கெடக்குது. கதவும் கூரையுமா இந்த ஏரியில இது ஒண்ணுதான் கீது."

ஊர்ப் படித்துறையில் காலனிப் பெண்கள் இறங்கக் கூடாது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. இறங்குவதில்லை, அவ்வளவுதான். அமாவாசையன்று நடவு கிடையாது, அதனால் அவளும் வரவில்லை. உன் கணக்கு சரி.

உள்ளே சுவரை ஒட்டி ஒரு செங்கல் திட்டு இருக்கிறது. அதில் நின்று, மிதவைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முழுக்குப் போடுகிறாள். கம்பியை மட்டும் பிடிக்காதே என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது உன்னிடம் ஓர் உதவி. மார்ச் முதல் வாரத்தில் பணம் தருகிற அதிகாரிகள் குழு வருகிறது. அதற்குள் தாளில் மாலைதோறும் வருகிற அந்த மேடு போக வேண்டும் என்று பஞ்சாட்சரம் சொல்கிறார், முனிரத்தினம் சாரும் தந்தி கொடுத்துவிட்டார். காரணத்தைச் சொன்னால் திறப்பில் கம்பி வைத்து அடைப்பார்கள். காலனிப் பெண் குளித்த தண்ணீர் என்று ஊரில் வேறு பேச்சு கிளம்பும். மிதவையை வெளியே வேறு குழாய்க்கு மாற்றலாம். ஆனால் டிராயிங், அனுமதி என்று ஏப்ரல் ஆகிவிடும். உன்னால் புரோகிராமில் அதை மறைக்க முடியுமா? ஒரு வரிதானே.

எழுதிய பிறகுதான் பார்த்தேன், நானும் அதையே சொல்லியிருக்கிறேன்.

அண்ணன்
சுகுமார்

●

பெங்களூர்
1-3-1985

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம், உங்கள் நலமும் அப்படியே இருக்கட்டும். செங்கேணியின் குழந்தைக்கு எத்தனை மாதம் என்று நீங்கள் எழுதவில்லை.

ரிஜிஸ்டர் தபாலில் ஹார்லிக்ஸ் டப்பா வரும். பஞ்சுக்கு நடுவில் புரோகிராம் பதிந்த புது சிப் இருக்கிறது. மேலே ஒட்டியிருக்கும் தாளைப் பிய்க்காதீர்கள், வெயில் பட்டால் உள்ளே எழுதியது அழிந்துவிடும்.

என்ன செய்திருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். மட்டம் ஏறி, உடனே இறங்கினால் மட்டும் மறைக்கிற மாதிரி எழுத நினைத்தேன். ஏறியது இறங்காவிட்டால் மணி அடிக்க வேண்டும். அதற்கு ஒரு வாரம் கேட்டேன். முனிரத்தினம் சார் இரண்டு நாள் கொடுத்தார், அதில் ஒருநாள் மின்சாரம் இல்லை. அதனால் இப்போதைக்குச் சுருக்கமாக எழுதியிருக்கிறேன். பொழுது சாய்கிற அந்த ஒருமணி நேரம் உங்கள் பெட்டி எது சொன்னாலும் புரோகிராம் கேட்காது. அதற்கு முன் வந்த எண்ணையே திரும்பத் திரும்ப அச்சடிக்கும். மணியை அடுத்த சிப்பில் சேர்க்கிறேன். ஏரியில் ஒருமணி நேரத்தில் என்ன ஆகிவிடப்போகிறது என்று முனிரத்தினம் சார் கேட்டார். நானும் தலையாட்டிவிட்டேன்.

ஆனாலும் மனசு ஒப்பவில்லை அண்ணா. உங்கள் பெட்டி கெட்டால் புகை வரும், வாடை வரும், நின்றுவிடும். நான் எழுதியது கெட்டால் அழகாக அச்சடித்துக்கொண்டே இருக்கும்.

குழு வந்துபோனதும் எழுதவும்.

குழலி

●

உத்திரமேரூர்
14-3-1985

அன்பு குழலிக்கு,

சுகம். வெயில் ஏறிவிட்டது.

சிப் பத்திரமாக வந்தது, பொருத்தினேன். குழு வந்தது. தாளைக் கையில் எடுத்துப் பார்த்து, "நூல் பிடித்த மாதிரி இருக்கிறதே" என்றார்கள். இன்னும் இருபது ஏரிக்கு உத்தரவு வரும் போலிருக்கிறது. பஞ்சாட்சரம் எனக்குப் பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தார். முனிரத்தினம் சார் உன்னைப் பாராட்டியிருப்பார்.

ஒன்று சொன்னால் சிரிக்கக் கூடாது. சிப் வரும்வரை, மாலையில் தாளில் மட்டம் ஏறினால் 'வந்துவிட்டாள்' என்று நினைப்பேன். இறங்கினால் 'கிளம்பிவிட்டாள்' என்று எழுந்து சாப்பிடப் போவேன். இப்போது தாள் நேராக ஓடுகிறது. எப்போது எழுந்து போவது என்று தெரியவில்லை. வயலில் களையெடுப்பு நடக்கிறது, அவள் வருகிறாள், சேட்டு சொன்னார். தாளில் மட்டும் இல்லை. உயிரோடு இருக்கிற ஒருத்தியை அழித்துவிட்ட மாதிரி இருக்கிறது.

பாசனத்துக்குத் திறந்திருப்பதால் ஏரி நாளுக்கு நாள் இறங்குகிறது. பங்குனி உத்திரத்துக்குக் காஞ்சிபுரம் போவேன். நைனாவுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும்.

அண்ணன்
சுகுமார்

●

பெங்களூர்
15-4-1985

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். புத்தாண்டு வாழ்த்துகள். ஒருமாதமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. நான் போட்ட இரண்டு இன்லேண்டும் கிடைத்ததா? உத்திரத்துக்கு நீங்கள் வரவில்லை என்று அம்மா எழுதியிருக்கிறாள். நைனா பழைய கண்ணாடியோடுதான் தேர் பார்த்தாராம். உடம்பு சரியில்லையா?

போன வாரம் மார்ச் மாதக் கேசட் வந்தது. எப்போதும் அதன்மேல் ஏதாவது கேலி எழுதி ஒட்டுவீர்கள். இந்த முறை வெறும் டப்பா. முனிரத்தினம் சாரிடம் கேட்டேன். "ஏதோ சின்ன விபத்து, மிதவைக் கம்பி அறுந்துபோச்சு, போட்டுட்டாங்க" என்றார். என்ன விபத்து? தாளில் ஒன்றும் தெரியவில்லையே.

மணி வைத்த புது சிப்பை முடிக்க இன்னும் நேரம் கிடைக்கவில்லை. இருபது ஏரிக்கும் இதே புரோகிராம் போதும் என்கிறார்.

உடனே எழுதவும். ஒரே வரியானாலும் போதும்.

குழலி

●

உத்திரமேரூர்
21-4-1985

அன்பு குழலிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. அம்மாவுக்கு அப்படியே எழுதிவிடு.

உத்திரத்துக்கு முந்தின வாரம் செங்கேணி தொட்டியில் இறந்துபோனாள். மறுநாள் காலையில் மதகு திறக்கப் போன சேட்டுதான் பார்த்திருக்கிறார். முந்தின இரவு அவள் வரவில்லை என்றதும், புருஷனிடம் கோபித்துக்கொண்டு புள்ளலூரில் தாய்வீட்டுக்குப் போயிருப்பாள் என்று விட்டுவிட்டார்கள். போலீஸ் வந்து தவறி விழுந்ததாக எழுதிக்கொண்டு போனது.

நான் உள்ளே இறங்கிப் பார்த்தேன். தண்ணீர் திட்டுக்குக் கீழே இறங்கிவிட்டிருந்தது. இத்தனை நாள் தண்ணீருக்குள் இருந்த திட்டு, பாசி பிடித்துப் பச்சையாக இருந்தது. கால் வைத்தால் நிற்காது. விழுந்தால் கீழே ஆள் ஆழத்துக்குமேல் தண்ணீர். பிடிக்கச் சுவரில் ஒன்றுமில்லை. என் மிதவைக் கம்பி மட்டும்தான். அது பாதியில் அறுந்திருந்தது. மூன்று மாதம் சோதித்த கம்பி, மிதவையைத் தூக்கத்தான் சோதித்தோம்.

மட்டம் இறங்கினால் திட்டு வெளியே வரும் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தினமும் அந்த எண்ணைத்தானே படித்தேன்.

அன்று மாலை நான் தாளுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன் குழலி. அது நேராக ஓடியது. எழுந்து போய் இட்லி சாப்பிட்டேன். சைக்கிளில் மிதித்தால் அரைமணிகூட ஆகாது.

சேட்டு என்னைத் திட்டவில்லை. "நான் சொன்ன பொய்யி நெசமாயிடுச்சு சார்" என்றார், அவ்வளவுதான்.

ஏப்ரலில் இதுவரை பதிந்த கேசட்டையும் இதனுடன் அனுப்புகிறேன். கேசட் ஓட்டுகிற எந்திரம் அங்கேதான் இருக்கிறது. மார்ச் கேசட்டில் அந்த நாளைப் போட்டுப் பார். பெட்டி சொன்னது அதில் இருக்கும். எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும். அன்று மட்டம் ஒரே ஒருமுறை ஏறியதா, பலமுறை ஏறி இறங்கியதா?

சுகுமார்

●

பெங்களூர்
9-5-1985

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் வந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. இதற்கு முன் எழுதிய மூன்றைக் கிழித்துவிட்டேன். வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? அந்தக் குழந்தை யாரிடம் இருக்கிறது? பால் பவுடர் வாங்கப் பணம் அனுப்பினால் சேட்டு வாங்கிக்கொள்வாரா?

கேசட்டைப் போட்டுப் பார்த்தேன். அந்த மாலை ஏறியிருக்கிறது. கடைசியில் இறங்கவில்லை.

இதனுடன் வருகிற சிப்பில் அந்த வரிகளை எடுத்துவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. பெட்டி சொல்வது இனிமேல் அப்படியே தாளில் வரும். நடந்ததை எழுதி முனிரத்தினம் சாரின் மேஜையில் வைத்தேன். அவர் அதைப் படித்துவிட்டு, "நீ எழுதினது சரியா வேலை செஞ்சிருக்கும்மா, சொன்னதைத்தான் செஞ்சிருக்கு" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அந்த இருபது ஏரிக்கு என் புரோகிராம் போகக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். வேலை போனால் காஞ்சிபுரத்துக்கு வந்துவிடுகிறேன்.

இன்னொன்று இருக்கிறது. அதை எழுதத்தான் பயம்.

ஏப்ரல் கேசட்டையும் போட்டேன். அவள் போன பிறகு மாலைகளில் ஒன்றுமில்லை, தண்ணீர் அசையவே இல்லை. சித்திரை பிறந்த பிறகு மறுபடியும் வருகிறது அண்ணா. அதே நேரம். முதல் நாள் ஒருமுறை. அடுத்த நாள் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு. ஏறுகிறது, இறங்குகிறது. என் வரிகள் மறைத்ததால் உங்களுக்குத் தாளில் தெரிந்திருக்காது. இது புரோகிராம் இல்லை. உங்கள் பெட்டி சொல்வது.

யார் அது?

குழலி

●

உத்திரமேரூர்
2-6-1985

அன்பு குழலிக்கு,

நான் சுகம். சாப்பிடுகிறேன். குழந்தை சேட்டு வீட்டில் வளர்கிறது, ஆண், ஒன்பது மாதம், தவழ்கிறான். நீ அனுப்பிய பணத்தைச் சேட்டு வாங்கவில்லை. அவர் மனைவி வாங்கிக்கொண்டாள்.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. புரிந்துகொண்டேன். இனிமேல் கேட்கமாட்டேன், நீயும் அந்தக் கேசட்டைத் திரும்பப் போடாதே.

உன் கடிதம் வந்த அன்றே பொழுது சாயப் போனேன். சேட்டு கூட வரவில்லை. கோரைக்குப் பின்னால் நின்றபோது உள்ளே அதே சத்தம் கேட்டது, தண்ணீர் கனமாகப் புரள்கிற சத்தம். செங்கேணி என்று கூப்பிட வாய்வரை வந்துவிட்டது. இந்தத் தடவை ஓடவில்லை. "உள்ள யாரு?" என்றேன்.

"எல்லம்மா சார்" என்று ஒரு குரல் வந்தது. பின்னால் இன்னொரு சிரிப்பு.

செங்கேணியோடு களையெடுத்தவர்கள். காரியம் முடிகிறவரை வராமல் இருந்துவிட்டு, பிறகு வந்திருக்கிறார்கள். துணி மாற்றிக்கொண்டு வெளியே வந்ததும் எனக்குக் கோபம் வந்து கத்திவிட்டேன். ஒருத்தி செத்த இடத்தில் இறங்குகிறீர்களே, பயமில்லையா என்றேன்.

எல்லம்மாள் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்: "பயமில்லாம இன்னா சார். ஆனா வேற எங்க போவோம்? செங்கேணி பேயா சுத்துதுன்னு ஊரு பூரா பேச்சு. ஆம்பளைங்க ஒருத்தனும் இந்தப் பக்கம் எட்டிப் பாக்கறதில்ல. செத்தும் அவதான் எங்களுக்குக் காவலா கீறா."

மறுநாள் அனுமதி கேட்காமலே வேலையைத் தொடங்கினேன். மதகுக்கு அந்தப் பக்கம் ஓர் இரும்புக் குழாயை நட்டு, மிதவையை அதற்கு மாற்றினேன். சேட்டும் நானும் வெல்டரும் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. பிப்ரவரியில் இதைச் செய்திருக்கலாம். தொட்டிக்குள் திட்டைச் சுரண்டிச் சொரசொரப்பாகப் பூசி, சுவரில் இரும்புப் படிகள் பதித்தேன். பஞ்சாட்சரம் வந்து பார்த்தார். "இது எந்த டிராயிங்ல சார் கீது?" என்றார். எதிலும் இல்லை என்றேன். திறப்பை அடைத்துப் பூட்டக் கொண்டு வந்த பூட்டை ஆபீசில் என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். அது மேஜையிலேயே இருக்கிறது. கம்பெனிக்கு அவர் எழுதிவிட்டார், என்னிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். நீ வேலை போய்க் காஞ்சிபுரம் வந்தால் எனக்கும் ஒரு பாய் போட்டு வை.

இப்போது தாள் உண்மையிலேயே நேராக ஓடுகிறது. எந்தப் பொய்யும் இல்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் அதைப் பார்த்துவிட்டு எழுந்து சாப்பிடப் போக என்னால் முடிவதில்லை. தினமும் சைக்கிளில் போய்க் கரைமேலேயே நின்று பெல் அடிக்கிறேன். உள்ளேயிருந்து குடத்தைத் தட்டுவார்கள். திரும்பிவிடுவேன். முதலில் சிரித்தார்கள், இப்போது பழகிவிட்டது.

நேற்று பெல் அடித்தேன், சத்தமில்லை. மறுபடியும் அடித்தேன். ஏரி முழுவதும் இருட்டிக்கொண்டு வந்தது, தண்ணீரில் ஒரு சுழிப்பு கூட இல்லை. சைக்கிளைப் போட்டுவிட்டுக் கரைச்சரிவில் விழுந்து எழுந்து ஓடினேன். செருப்பு ஒன்று எங்கோ போயிற்று. தகரக் கதவைக் கையால் அடித்தேன்.

"இன்னா சார் இது!" என்றாள் எல்லம்மாள் உள்ளேயிருந்து. "மூஞ்சில சோப்பு போட்டுக்கினு கீறேன், குடம் எங்கன்னு தெரியல. செத்த நேரம் பொறுக்க மாட்டீங்களா?"

கதவிலேயே சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

மழைக்காலத்துக்குக் கம்பளி வாங்கிக்கொள். தாமதிக்காமல் பதில் போடு.

உன் அண்ணன்
சுகுமார்